நாலு வளையம்

சனிக்கிழமை அருமைராஜின் குடை
அறைந்து திறந்தது.
கப்பலூர் லாரிகளின் இரைச்சலைத் தாண்டி
ஈரப் போர்வையை உதறுகிற சத்தம்
கீழே நின்ற எனக்கே கேட்டது.

இறங்கி வந்தவன் கழுத்தைத் திருப்பாமல்
உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தான்.
வார் அழுத்திய தோளில்
நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம்.
"ஒண்ணுமில்லக்கா" என்றான்.

ஒண்ணுமில்லை என்பவர்களை எனக்குத் தெரியும்.
விளக்குத்தூண் ஜவுளிக்கடையில்
"ஒண்ணுமில்ல, சும்மா பாத்தோம்" என்று
எழுந்து போகிறவர்கள் விரித்துப் போட்டதையெல்லாம்
பதினோரு வருஷம் மடித்தவள் நான்.
அங்கே தப்பாக மடித்தால்
முதலாளி முறைப்பார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி
கூரையைப் பார்த்தபடி
அந்தக் குடையைத் திரும்பத் திரும்ப மடித்தேன்.

ஸ்லைடர் என்பது தலையணை உறை அகலத்தில்
ஒரு துணி.
நாலு மூலையில் நாலு வளையம்,
கயிறுகளெல்லாம் அவற்றின் வழியாக.
வளையங்கள் உச்சியில் முட்டி நின்றால்
காற்று அவற்றைத் தள்ளித் தள்ளிக்
கீழே கொண்டுவர மூன்று, நாலு விநாடி.
விழுகிறவன்
மிதக்கிறவனாக மாற
அந்த அவகாசம்தான்.
ஒரு சாண் முன்னாலேயே நழுவியிருந்தால்
மணிக்கு இருநூறு கிலோமீட்டரைக்
கழுத்து மொத்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாலும் முட்டித்தான் நின்றன, பார்த்தேன்.
முன்விளிம்பை உள்ளே சுருட்டினேன்,
பின்விளிம்பால் போர்த்தினேன்.
ஆனால் பையில் திணிக்கும்போது?
நவ்ஷாத் வாசலில் நின்று
"சீக்கிரம், பிளேன் உறுமிட்டு நிக்குது" என்றார்.
நான் எப்போது முட்டியைத் தூக்கினேன்?
அப்புறம் அந்த ரப்பர் பேண்ட்,
ஓரத்தில் மயிரிழைக் கீறல்.
இன்னும் ஒரு தடவை தாங்கும் என்று விட்டேன்.
ரப்பர் விட்டுவிட்டால்
கயிறு கொத்தாகக் கொட்டிவிடும்,
பைக்கு முன்னாலேயே.

ஞாயிறு காலை சொல்லிவிட்டேன்.
முடிக்க விடவில்லை அவன்.
"இல்லக்கா, என் தப்பு.
கூட குதிச்சவங்கள விட்டு விலகுற வேகத்துலயே இழுத்துட்டேன்.
நிமிந்து, கைய விரிச்சு, வேகம் கொறைஞ்சப்புறம்தான் இழுக்கணும்.
நாகமலை வெயில்ல பாம்பு மாதிரியே கெடந்துச்சு,
பாத்துட்டே இருந்துட்டேன்."
"ரப்பர் என்னோடது" என்றேன்.
"வேகம் என்னோடது" என்றான்.
ஓட்டலில் பில்லுக்கு இழுபறி நடக்குமே,
அப்படி.

தலைக்கவசக் கேமராவின் படத்தை
போனில் பதினெட்டு தடவை ஓட்டினோம்.
வானம். ஒரு பூட்ஸ் கால். வானம்.
பிறகு எல்லாமே குலுங்குகிறது.
யார் பக்கமும் அது சாட்சி சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை
குடையைத் தரையில் நீட்டிக்
கயிறுகளை ஒவ்வொன்றாக அளந்தேன்.
ஓரத்துக் கயிறுகள்
ரெண்டு விரல்கடை குறைவு.
இருநூற்று நாற்பது குதிப்பு,
வளையம் உரசும் சூட்டில்
கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியிருக்கின்றன.
போனில் சொன்னேன்.
"ஓ" என்றான்.
தப்பைப் பங்குபோட மூன்றாவதாக ஓர் ஆள் வந்ததில்
எங்கள் ரெண்டு பேருக்குமே
லேசான ஏமாற்றம்.

புதுக் கயிறு. புது ரப்பர், எல்லாமே.
நவ்ஷாத் வாசலுக்கு வந்தால்
இப்போதெல்லாம் நான் நிமிர்வதில்லை.

நாற்பது நாள் கழித்து,
கழுத்துப் பட்டையைக் கழற்றிய வாரம்,
அருமைராஜ் மேலே போனான்.
நான் வெளியே வரவில்லை.
முட்டிக்குக் கீழே வேறொருவர் குடை,
இடக்கை விரல்களில் நாலு வளையம்.
விட்டால் நழுவும்.
விமானத்தின் சத்தம் தேய்ந்தது.
காதை மட்டும் வாசலுக்கு அனுப்பினேன்.
எண்ணினேன். எண்ணுவதை விட்டேன்.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன
கப்பலூர் பக்கம்.
அவை மட்டும்தான் கேட்டன.